கம்பனி கைவிட்ட வேனை வாங்கலாமா?

பதுளை மாவட்டத் தோட்டங்களில் ஒரு வேன் வாங்கப்படுகிறது என்றால், பெரும்பாலும் ஒரு குடும்பத்தின் ஆயுட்காலச் சேமிப்பு செலவாகிறது என்று அர்த்தம். அப்பாவுக்கு 55 வயதில், அம்மாவுக்கு 50 வயதில் கைக்கு வருகிற ஈ.பி.எஃப். காசு, அதோடு ஈ.டி.எஃப்., சேவைக்காலப் பணம், கொஞ்சம் அடகு நகை, கொழும்பில் கடையில் நிற்கும் தம்பி அனுப்பியது என்று எல்லாம் சேர்ந்துதான் லயத்து முற்றத்தில் ஒரு வேனாக வந்து நிற்கிறது. காலையில் ஸ்கூல் ஹயர், பகலில் பதுளை ஆஸ்பத்திரிக்கு ஆள், சனி ஞாயிறில் கல்யாணம், ஆடி மாதத்தில் கதிர்காமம். இப்படி ஓடித்தான் அந்தக் காசு திரும்ப வரவேண்டும்.

புதிய வேன் இந்தக் கணக்குக்குள் வராது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்களுக்கு மறுபடி கதவு திறந்தது 2025 பெப்ரவரியில்தான். திறந்த பிறகும் வரி குறையவில்லை. ஆகவே முப்பது வருஷம் ஓடிய வேன்கள் இன்றைக்கும் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. அவற்றில் பல, செய்த கம்பனியே கைவிட்டவை. சிலவற்றில் மொடல் நின்றுபோயிருக்கும், சிலவற்றில் பிராண்டே இல்லாமல் போயிருக்கும். விலை குறைவாக இருப்பதற்கும் அதுதான் காரணம்.

அப்படியொரு வேனை வாங்கலாமா? வாங்கலாம். ஆனால் முகப்பில் உள்ள பெயரைப் பார்த்து வாங்கவும் கூடாது, அந்தப் பெயருக்குப் பயந்து விடவும் கூடாது. ஊவா மலையில் ஒரு பழைய வேனின் தகுதியை மூன்று கேள்விகள் தீர்மானிக்கின்றன. ஏற்றத்தில் சூடேறாமல் போகுமா? இறக்கத்தில் நிற்குமா? உடைந்தால் பாட்ஸ் அன்றைக்கே கிடைக்குமா? இந்த அத்தியாயம் முழுவதும் இந்த மூன்றையும் கண்டுபிடிக்கும் வழிதான். கடைசியில் கடதாசி விஷயம்.

1. முதலில் குடும்பத்தைக் கண்டுபிடியுங்கள்

வேனை இரண்டு, மூன்று கம்பனிகள் ஒரே அச்சில் செய்து, வேறு வேறு பெயரில் விற்பது உலகம் முழுக்க உள்ள வழக்கம். அமெரிக்காவில் பிளிமத் என்ற பிராண்டை 2001இல் மூடினார்கள். அதன் வொயேஜர் வேனை வைத்திருந்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதே வேன் டொட்ஜ் கரவன் என்ற பெயரிலும் ஓடியதால் பாட்ஸ் தட்டுப்பாடு வரவில்லை. நம் ரோட்டில் ஓடும் ஜப்பான், கொரியா வேன்களுக்கும் இதே கதைதான்.

இசுசு ஃபார்கோவைப் பாருங்கள். 1980இல் வந்த வேன். இசுசு 1993இல் சொந்தமாகக் கார் செய்வதை நிறுத்தியது. ஃபார்கோவை 1995 வரைதான் தானே செய்தது. அதற்குப் பிறகு ஃபார்கோ என்ற பெயரில் வந்தது நிசான் கரவன். ஆகவே ‘இசுசு ஃபார்கோ’ என்று விளம்பரம் பார்த்தால் முதல் கேள்வி, ‘எந்த வருஷம்?’ என்பதுதான். பிந்தியது என்றால் நிசான் பாட்ஸ் தேடவேண்டும். முந்தியது என்றால் உண்மையான இசுசு. பாட்ஸ் தேடி அலையவேண்டி வரும்.

இதே மாதிரி வேறு சில உறவுகள்:

- ஃபோர்ட் ஸ்பெக்ட்ரோன் என்பது மஸ்டா பொங்கோ. கியா பெஸ்டாவும் பழைய பொங்கோவிலிருந்து வந்ததுதான்.
- 1994க்குப் பிந்திய நிசான் வெனட், 1999க்குப் பிந்திய மிட்சுபிஷி டெலிகா சரக்கு வேன் இரண்டும் பெயர் மாறிய பொங்கோக்கள். மஸ்டாவே சொந்தப் பொங்கோவை 2020இல் நிறுத்திவிட்டது.
- ஹியுண்டாய் கிரேஸ், 1986இல் வந்த டெலிகா எல்-300இன் கொரியப் பிறப்பு.
- டைஹட்சு டெல்டா வைட் என்பது டொயோட்டா டவுன்ஏஸ். லைட்ஏஸ், மாஸ்டர்ஏஸ் ஆகியவையும் அந்த வீட்டுப் பிள்ளைகள்தான்.
- டேவூ டாமஸ், சுசுகி கெரியிலிருந்து வந்தது. டேவூ என்ற பிராண்டைக் கொரியாவில் 2011இல் எடுத்துவிட்டார்கள். சுசுகியின் சின்ன வேன் பாட்ஸில் பொருந்துவதும் உண்டு, பொருந்தாததும் உண்டு. பழைய பாட்ஸைக் கழற்றிக் கொண்டுபோய் ஒப்பிட்டுத்தான் வாங்கவேண்டும்.

டொயோட்டாவில் இன்னொரு வசதி இருக்கிறது. செசி எண்ணின் முதல் எழுத்தே எந்த இஞ்சின் குடும்பம் என்று சொல்லிவிடும். ‘எல்.எச். 113’ என்றால் ‘எல்’ வகை டீசல் இஞ்சின் பூட்டிய ஹைஏஸ். நாம் டொல்பின் என்று சொல்வது இதைத்தான். ‘சி.ஆர். 27’ என்றால் ‘சி’ வகை டீசல் பூட்டிய டவுன்ஏஸ். தகட்டில் ‘எல்’ என்று இருக்க, சீட்டுக்கு அடியில் வேறு வகை இஞ்சின் இருந்தால், நடுவில் யாரோ மாற்றியிருக்கிறார்கள். மாற்றியது குற்றமில்லை. வண்டியின் பதிவுப் புத்தகத்தில் (சீ.ஆர்.) பதியாமல் மாற்றியிருந்தால்தான் சிக்கல். அதைப் பின்னால் பார்ப்போம்.

2. வேனைப் பார்க்கும் முன் பாட்ஸ் கடையைப் பாருங்கள்

பெரும்பாலானவர்கள் வேனைப் பார்த்து மனசு வைத்த பிறகுதான் பாட்ஸ் பற்றி யோசிக்கிறார்கள். இதைத் தலைகீழாகச் செய்யுங்கள். ஒரு துண்டில் எட்டுச் சாமான் எழுதிக்கொள்ளுங்கள்: பிரேக் ஷூ, வீல் சிலிண்டர், மாஸ்டர் சிலிண்டர் கிட், தண்ணீர் பம்ப், ஹெட் கேஸ்கட், டைமிங் பெல்ட், கிளட்ச் பிளேட், முன் போல் ஜொயின்ட். பதுளை டவுனிலும் பண்டாரவளையிலும் இரண்டு, மூன்று கடையில் அந்த வேனின் மொடலையும் இஞ்சின் வகையையும் சொல்லி விசாரியுங்கள்.

எட்டில் ஆறு கையில் இருக்கிறது, மற்ற இரண்டை நாளைக்கு எடுத்துத் தருகிறோம் என்றால் நல்ல அறிகுறி. ‘அதுக்குப் பஞ்சிகாவத்தைக்குத்தான் போகணும் தம்பி’ என்று ஒவ்வொன்றுக்கும் பதில் வந்தால் யோசியுங்கள். கொழும்புப் பஞ்சிகாவத்தையில் எதுவும் கிடைக்கும் என்பது சரிதான். ஆனால் பதுளையிலிருந்து அங்கே போய்வர ஒரு முழு நாளும் ஒரு இரவும் வேண்டும். ஸ்கூல் ஹயர் ஓடுகிற வேன் நடு வாரத்தில் மூன்று நாள் நின்றால், பிள்ளைகளைப் பெற்றோர் வேறு வேனில் ஏற்றிவிடுவார்கள். திரும்பி வரமாட்டார்கள்.

கடையோடு நிற்காமல், வேலை பார்க்கும் பாஸையும் கேளுங்கள். ஹாலி-எல, பசறை, வெலிமடைப் பக்கம் எந்த கராஜில் அதே வகை வேன் நிற்கிறது என்று பாருங்கள். ஒரே ரகம் நாலு வேன் நிற்கிற கராஜில் அந்த ரகத்தின் வியாதி எல்லாம் தெரிந்த ஆள் இருப்பார்.

3. இஞ்சினைக் குளிரில் பாருங்கள்

விற்பவரிடம் ‘நாளைக்குக் காலையில் ஆறரைக்கு வர்றேன், வண்டியை ஸ்டார்ட் பண்ணி வைக்க வேணாம்’ என்று சொல்லிவிட்டுப் போங்கள். போனவுடன் முன் சீட்டைத் தூக்கி இஞ்சின் தலையில் கை வையுங்கள். சூடாக இருந்தால், உங்களுக்கு முன்னால் யாரோ எழுப்பிவிட்டார்கள். அன்றைக்குத் திரும்பி வந்துவிடுங்கள். இன்னொரு நாள் முன்னறிவிப்பில்லாமல் போகலாம்.

குளிர்ந்த பழைய டீசல் இஞ்சின், ஹீட்டர் விளக்கு அணைந்த பிறகு ஒன்றிரண்டு சுற்றிலேயே பிடிக்கவேண்டும். பண்டாரவளை, அப்புத்தளைக் குளிரில் கொஞ்ச நேரம் வெள்ளைப் புகை வருவது சகஜம். அரை மணி நேரம் போட்ட பிறகும் வெள்ளைப் புகை நிற்கவில்லையென்றால் கம்ப்ரஷன் குறைவு, இன்ஜெக்டர் பழுது, அல்லது தண்ணீர் உள்ளே போகிறது. நீலப் புகை என்றால் ஒயில் எரிகிறது.

கறுப்புப் புகையை மட்டும் கொஞ்சம் யோசித்துத் தீர்ப்புச் சொல்லுங்கள். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,400 மீற்றர் உயரத்தில் இருக்கும் அப்புத்தளையில் காற்று மெல்லியது. டர்போ இல்லாத பழைய டீசல், கொழும்பில் காட்டும் பலத்தில் ஏழு, எட்டில் ஒரு பங்கை அங்கே இழந்துவிடும். பம்ப் அதே அளவு டீசலைத் தள்ளும், எரிக்கக் காற்றுப் போதாது, புகை கறுக்கும். ஆகவே ஏற்றத்தில் லேசான கறுப்பு பெரிய குற்றமில்லை. பதுளையில், சமதரையில், நின்ற இடத்தில் அக்சிலேட்டரை மிதிக்கும்போது மை மாதிரி வந்தால் பம்பும் இன்ஜெக்டரும் செலவு கேட்கப்போகின்றன. வருஷா வருஷம் புகைப் பரிசோதனையில் தேறாமல் வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கமுடியாது என்பதையும் மறக்கவேண்டாம்.

இஞ்சின் ஓடும்போதே ஒயில் ஊற்றும் மூடியைத் திறந்து, தலைகீழாக அந்த ஓட்டையின் மேலேயே வையுங்கள். லேசாக ஆடினால் பரவாயில்லை. துள்ளிக் கீழே விழுந்து, ஓட்டையிலிருந்து புகை குபுகுபுவென்று வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது. புரோக்கர் என்ன சொன்னாலும் அந்த மூடி பொய் சொல்லாது.

புரோக்கர் சொல்வதும் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும்:

“தம்பி, இஞ்சின் செஞ்சு ரெண்டு மாசந்தான். கண்ண மூடிட்டு எடுங்க.”

“நல்லதுண்ணே. செஞ்ச பாஸ் யாரு? பில்லு இருக்கா?”

“பில்லெல்லாம் எதுக்கு தம்பி, நம்ம ஆளுதான்.”

“அப்ப நம்ம ஆளோட நம்பரக் குடுங்க, ஒரு வார்த்த பேசிக்கிறேன்.”

நம்பர் வந்தால் பேசுங்கள். வராவிட்டால், இஞ்சின் செய்யவில்லை என்றே வைத்து விலை பேசுங்கள்.

டைமிங் பெல்ட் விஷயத்தில் எந்த இஞ்சின் என்று தெரிந்திருப்பது முக்கியம். டொல்பினில் உள்ள 2,779 சி.சி. ‘3 எல்’, டவுன்ஏஸில் உள்ள 1,974 சி.சி. ‘2 சி’, டெலிகாவில் உள்ள 2,476 சி.சி. ‘4 டி 56’ மூன்றும் பெல்ட் இஞ்சின்கள். பெல்ட் அறுந்தால் வால்வு பிஸ்டனில் இடித்து வளையும். 4 டி 56இல் பெல்ட் இரண்டு. சின்ன பெலன்ஸ் பெல்ட் அறுந்து பெரியதற்குள் சிக்கி இரண்டும் போகும். நிசான் கரவனில் வந்த ‘டி.டி. 27’ இஞ்சினுக்குப் பெல்ட் கிடையாது, கியர்தான்; அந்தக் கவலை இல்லை. பெல்ட் எப்போது மாற்றியது என்று எழுத்தில் ஆதாரம் இல்லாவிட்டால், வாங்கிய வாரமே மாற்றுங்கள். அந்தச் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள்.

4. தண்ணீர்

ஊவாவில் வேன்கள் சாவது பெரும்பாலும் சூட்டால்தான். காரணம் இரண்டு. ஒன்று, நீண்ட ஏற்றத்தில் இஞ்சின் முழுப் பலத்தில் உழைக்கிறது, வேகமோ குறைவு. ரேடியேட்டருக்குக் காற்று போதாது. மற்றது, உயரத்தில் தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும். அப்புத்தளையில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் ஏறக்குறைய 95 பாகையிலேயே கொதித்துவிடும். வேனில் அதைக் கொதிக்கவிடாமல் பிடித்து வைத்திருப்பது ரேடியேட்டர் மூடியின் அழுத்தம்தான். மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் நல்ல இஞ்சினும் மலையில் கொதிக்கும்.

சீட்டுக்கு அடியில் இஞ்சின் வைத்த வேன்களில் இந்தப் பிரச்சினை கூடுதல். டவுன்ஏஸின் 2 சி, டெலிகாவின் 4 டி 56 இரண்டும் ஹெட் வெடிப்பதற்குப் பெயர் கெட்டவை. இவற்றை வாங்கக்கூடாது என்றில்லை. இவற்றில் தண்ணீர்ப் பரிசோதனையைத் தவறவிடக்கூடாது.

இஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மட்டும் ரேடியேட்டர் மூடியைத் திறவுங்கள். தண்ணீரில் எண்ணெய் மிதக்கிறதா, துரு கலந்து செங்கல் நிறமாக இருக்கிறதா என்று பாருங்கள். மூடி திறந்தபடியே ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். தொடர்ந்து குமிழி வந்தால் ஹெட் கேஸ்கட் போயிருக்கிறது, அல்லது ஹெட் வெடித்திருக்கிறது. மூடியைப் பூட்டி ஸ்டார்ட் செய்தால், குளிர்ந்த இஞ்சினில் ஒன்றிரண்டு நிமிஷத்திலேயே மேல் ஹோஸ் கல்லாக இறுகினாலும் அதே அர்த்தம்தான். ஒயில் மூடியின் அடியில் பால் கலந்த தேநீர் நிறத்தில் பசை ஒட்டியிருந்தால், மேற்கொண்டு பார்க்கத் தேவையில்லை.

அடுத்தது தெர்மோஸ்டாட். சூடேறுகிற வேனுக்குக் கைவைத்தியமாக அதைக் கழற்றிவிடுவது நம் பக்கத்தில் பரவலான பழக்கம். கழற்றினால் டவுனில் ஓடும்போது சூடு காட்டும் ஊசி மேலே ஏறாது. வாங்குபவருக்கு நோய் தெரியாது. இருபது நிமிஷம் ஓடியும் ஊசி அடியிலேயே கிடந்தால் சந்தோஷப்படாதீர்கள். ‘தெர்மோஸ்டாட் இருக்கா?’ என்று கேளுங்கள். ஏன் கழற்றினார்கள் என்பதுதான் அதற்கு அடுத்த கேள்வி.

தோட்டத்து ரோட்டில் ஓடிய வேன் என்றால், கீழே படுத்து ரேடியேட்டரின் முன்பக்கத்தை டோர்ச் அடித்துப் பாருங்கள். சேறும் புல்லும் அடைத்துக் காய்ந்திருந்தால் பாதி ரேடியேட்டர்தான் வேலை செய்கிறது.

5. பிரேக்

எல்லவிலிருந்து வெல்லவாயவுக்கு இறங்கும் வீதி 27 கிலோமீற்றர் அளவில் 800 மீற்றருக்கு மேல் கீழே இறங்குகிறது. அந்த வீதியில் 2025 செப்டம்பர் 4ஆம் திகதி இரவு ஒரு பஸ் பள்ளத்தில் விழுந்து 15 பேர் இறந்தார்கள். அதற்கு முன் 2021 மார்ச் 20ஆம் திகதி பசறை 13ஆம் கட்டையில் பஸ் விழுந்ததையும் ஊவா மறக்கவில்லை. நம் ரோட்டில் பிழைக்கு இடமில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். மற்றக் குறைகளோடு வாங்கிப் பின்னால் திருத்தலாம். பிரேக்கில் குறை இருக்கும் வேனை, திருத்தாமல் ஒரு நாள்கூட மலையில் ஓட்டக்கூடாது.

நின்ற இடத்தில் செய்யும் சோதனை இது. இஞ்சினை நிறுத்திவிட்டுப் பெடலை நாலைந்து தடவை மிதியுங்கள், இறுகும். இறுகிய பெடலை அழுத்திப் பிடித்தபடி ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் கொஞ்சம் கீழே இறங்கவேண்டும். இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது. இறங்காவிட்டால் பூஸ்டரோ வெக்யூம் பம்போ பழுது. பழைய டீசல் வேன் பலவற்றில் அந்த வெக்யூம் பம்ப் ஆல்டர்னேட்டரின் முதுகில் இருக்கிறது. மலிவாகக் கிடைத்தது என்று பொருந்தாத ஆல்டர்னேட்டரைப் பூட்டியிருந்தால் பிரேக் கல்லாகிவிடும். கரண்ட் வேலைக்கும் பிரேக்குக்கும் என்ன சம்பந்தம் என்று யாராவது கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

பிறகு பெடலை ஒரே அழுத்தமாக ஒரு நிமிஷம் பிடியுங்கள். மெதுவாகக் கீழே போனால் மாஸ்டர் சிலிண்டர் கசிகிறது. நாலு சக்கரத்தின் உட்பக்கத்தையும் டோர்ச் அடித்துப் பாருங்கள். ஈரம் இருந்தால் வீல் சிலிண்டர். பின் அச்சுக்கு மேலே, பாரத்துக்கு ஏற்பப் பின் பிரேக்கைக் கூட்டிக் குறைக்கும் ஒரு வால்வு பல வேன்களில் உண்டு. அதன் கம்பி கழன்று தொங்குகிறதா, அல்லது வால்வையே ஒதுக்கிவிட்டுக் குழாயை நேராக இணைத்திருக்கிறார்களா என்று உங்கள் பாஸைப் பார்க்கச் சொல்லுங்கள்.

பிரேக் ஒயில் கறுத்திருந்தால் மாற்றி வருஷக்கணக்காகிறது. பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புதிய டொட்-3 ஒயில் 205 பாகைக்கு மேல்தான் கொதிக்கும். ஈரம் ஏறியதும் அந்த அளவு 140 பாகை வரை இறங்கிவிடலாம். நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மிதித்தபடியே வந்தால் அந்தச் சூடு எளிதில் வந்துவிடும். ஒயில் கொதித்துக் குழாயில் ஆவி நிரம்பினால் பெடல் வெறுமனே தரை வரை போகும். வேனை வாங்கியதும் பிரேக் ஒயிலை முழுக்க மாற்றுவது மிக மலிவான உயிர்க் காப்புறுதி.

6. உடம்பு

பெயிண்ட் பளபளப்பை ஒதுக்கிவிட்டு, ஒரு சின்னக் காந்தத்தோடு சுற்றி வாருங்கள். முன் சக்கர வளைவு, கதவுக்குக் கீழுள்ள படி, ஸ்லைடிங் கதவின் தடம், கூரையின் தண்ணீர் விளிம்பு, பின் கதவின் அடி, கண்ணாடிக்குக் கீழ் மூலை. காந்தம் ஒட்டாத இடத்தில் பட்டி பூசியிருக்கிறது. ஒரு இடத்தில் பட்டி இருந்தால் டிங்கர் வேலை நடந்திருக்கிறது, அவ்வளவுதான். படி முழுக்கப் பட்டி என்றால் உள்ளே தகரமே இல்லை.

பாயைத் தூக்கித் தரையைப் பாருங்கள். வெலிமடையிலிருந்து மரக்கறி ஏற்றிய வேனின் தரை, ஈர மூட்டைகளால் உள்ளிருந்தே உக்கியிருக்கும். பின் பட்டை ஸ்பிரிங் தட்டையாகியிருக்கும். ஸ்கூல் வேனின் இஞ்சின் நன்றாக இருந்தாலும் ஸ்லைடிங் கதவின் உருளையும் கிளட்சும் தேய்ந்திருக்கும். எல்லவில் சுற்றுலா ஹயர் ஓடியது வெளியில் அழகாக இருக்கும், கிலோமீற்றர் அதிகம். மைல் மீற்றரை நம்பவேண்டாம். பெடல் ரப்பரும் ஸ்டியரிங் வளையமும் ட்ரைவர் சீட்டும் சரியான கணக்கைச் சொல்லும்.

2025 நவம்பர் கடைசியில் வந்த தித்வா புயலுக்குப் பிறகு இன்னொன்றையும் பார்க்கவேண்டும். வெள்ளத்தில் மூழ்கிய வண்டியைக் கழுவித் துடைத்து மலைப்பக்கம் கொண்டுவந்து விற்க வாய்ப்பு இருக்கிறது. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். அடியில் சேற்றுக் கோடு தெரியும். டேஷ்போர்டுக்குப் பின்னால் விரலை விட்டுப் பாருங்கள். விளக்குகளுக்குள் மண் படிந்திருந்தால், வண்டி தண்ணீருக்குள் நின்றிருக்கிறது.

டயரின் பக்கச்சுவரில் நாலு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டு 23ஆவது வாரம் செய்தது. பூ நன்றாக இருந்தாலும் பத்து வருஷ டயர் மலைக்கு ஆகாது.

7. எங்கே ஓட்டிப் பார்ப்பது

பதுளை டவுனைச் சுற்றி ஒரு வட்டம் ஓட்டிக் காட்டுவார்கள். அது போதாது. பெற்றோல், டீசல் காசை நீங்களே கொடுத்து, ஐந்தாறு பேரை ஏற்றிக்கொண்டு ஹாலி-எல, தெமோதரை வழியாகப் பண்டாரவளை வரை போங்கள். சுமார் 680 மீற்றரில் தொடங்கி 1,200 மீற்றருக்கு மேல் ஏறுகிறீர்கள். பண்டாரவளையில் நிறுத்தி, ஊசி எங்கே நிற்கிறது, தண்ணீர் வழிகிறதா, எங்காவது எரிந்த மணம் வருகிறதா என்று பாருங்கள். பத்து நிமிஷம் விட்டு மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். சூட்டில் பிடிக்கத் தயங்கினால் டீசல் பம்ப் தேய்ந்திருக்கலாம்.

இறங்கும்போது, ஏறிய அதே கியரில் இறங்குங்கள். அக்சிலேட்டரை விட்டதும் கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு விழுந்தால் கியர் பொக்ஸ் வேலை இருக்கிறது. இறக்கத்தில் அது ஆபத்தும்கூட. ஆள் இல்லாத நேரான இடத்தில் ஸ்டியரிங்கை லேசாகப் பிடித்தபடி பிரேக் போடுங்கள். ஒரு பக்கம் இழுக்கக்கூடாது. ஹேண்ட் பிரேக்கை ஏற்றத்தில், ஆள்களோடு நிறுத்திப் பாருங்கள்.

கடைசியாக உங்கள் தோட்டத்து ரோட்டில் ஒரு தடவை. அங்குள்ள கொண்டை ஊசி வளைவில் ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்துத் திரும்பும்போது ‘டக் டக்’ என்று கேட்டால் முன்பக்க ஜொயின்ட்டுகள். உங்கள் லயத்துக்குப் போகும் கடைசி மேட்டில் ஏறாத வேன், எவ்வளவு நல்ல வேனாக இருந்தாலும் உங்களுக்கு உரியதில்லை.

8. கடதாசி

பழைய வேன் ஏழெட்டுக் கை மாறியிருக்கும். சீ.ஆர். புத்தகத்தில் இருப்பவர் பெயரும் விற்பவர் பெயரும் ஒன்றா என்பதைத்தான் முதலில் பார்க்கவேண்டும். ‘ஓப்பன் பேப்பர்’ என்று கையெழுத்திட்ட வெற்றுப் படிவத்தோடு விற்பது பரவலாக நடக்கிறது. பதிவில் உள்ளவர் இறந்திருந்தால், வெளிநாடு போயிருந்தால், அல்லது கையெழுத்தை மறுத்தால், காசு கொடுத்த நீங்கள் சொந்தக்காரர் ஆகமாட்டீர்கள். பதிவில் உள்ளவரை நேரில் பார்த்து, அடையாள அட்டையை ஒப்பிட்டு, உங்கள் கண் முன்னால் கையெழுத்து வாங்குங்கள். உரிமை மாற்றத்தை 14 நாளைக்குள் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவிக்கவேண்டும், பிந்தினால் தண்டப்பணம்.

புத்தகத்தில் ‘முழு உரிமையாளர்’ என்ற இடத்தில் லீசிங் கம்பனியின் பெயர் இருந்தால், கடன் தீர்ந்த கடிதம் இல்லாமல் ஒரு ரூபாய்கூட முற்பணம் கொடுக்காதீர்கள். திணைக்களத்தின் இணையச் சேவையில் வண்டி எண்ணைக் கொடுத்தும் பதிவு விவரத்தைச் சரிபார்க்கலாம்.

செசி எண்ணையும் இஞ்சின் எண்ணையும் புத்தகத்தோடு இலக்கம் இலக்கமாக ஒப்பிடுங்கள். ரீகண்டிஷன் இஞ்சின் பூட்டியிருந்தால் அதை வாங்கிய பில், சுங்கக் கடதாசி, திணைக்களத்தில் பதிந்த ஆதாரம் மூன்றையும் கேளுங்கள். செசி எண்ணைச் சுற்றி வெல்டிங் அடையாளம் இருந்தால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். அது திருட்டு வண்டியாகவோ இரண்டு வண்டியை ஒட்டியதாகவோ இருக்கலாம்.

ஹயர் ஓட்டப்போகிறீர்கள் என்றால் காப்புறுதிக் கம்பனியிடம் அதைச் சொல்லியே எழுதுங்கள். சொந்தப் பாவனைக்கென்று எழுதிவிட்டு ஆள் ஏற்றினால், ஆபத்து வரும் நாளில் நட்டஈடு மறுக்கப்படலாம். சீட் எண்ணிக்கை புத்தகத்தில் உள்ளபடி இருக்கிறதா என்றும் எண்ணிப் பாருங்கள்.

9. விலையும் முடிவும்

கையில் உள்ள காசு முழுவதையும் வேனுக்குக் கொடுத்துவிடாதீர்கள். நாலில் ஒரு பங்கை ஒதுக்கி வையுங்கள். பெல்ட், பிரேக், தண்ணீர் ஹோஸ்கள், எல்லா ஒயிலும், இரண்டு டயர் என்று முதல் மாதத்திலேயே அது செலவாகிவிடும். அந்தப் பங்கை ஒதுக்க முடியாவிட்டால், அந்த வேன் உங்கள் கைக்கு எட்டாத விலை. இத்தனை பழைய வண்டிக்கு லீசிங் கிடைப்பது அரிது என்பதால், இடையில் பெரிய செலவு வந்தால் வட்டிக்கு வாங்கவேண்டி வரும்.

தேர்வு செய்யும்போது இப்படி வரிசைப்படுத்துங்கள். பெயர் செத்தாலும் குடும்பம் ஓடிக்கொண்டிருக்கும் வேன், கடதாசி சுத்தம், குளிரில் பிடிக்கும் இஞ்சின், மலையில் ஏறாத ஊசி, இறுகிய பிரேக் என்று எல்லாம் இருந்து, பெயிண்ட் மட்டும் மங்கியிருந்தால் அதை எடுங்கள். பெயர் பெரிதாக, உடம்பு பளபளப்பாக இருந்து, தண்ணீரில் குமிழியோ புத்தகத்தில் குழப்பமோ இருந்தால் விட்டுவிடுங்கள். தனித்து நிற்கும் ரகம், குடும்பம் இல்லை, பதுளையில் பாட்ஸ் இல்லை என்றால், பாதி விலைக்குக் கொடுத்தாலும் ஹயர் தொழிலுக்கு அது வேண்டாம்.

வேன் பார்க்கப் போகும்போது தனியாகப் போகாதீர்கள். உங்களுக்குத் தெரிந்த பாஸுக்கு அரை நாள் கூலி கொடுத்துக் கூட்டிக்கொண்டு போங்கள். விற்பவர் தரும் தேநீரைக் குடிக்கலாம். ஆனால் அன்றைக்கே முற்பணம் கொடுக்காமல் வீட்டுக்கு வந்து ஒரு இரவு யோசியுங்கள். நல்ல வேன் நாளைக்கும் ஒன்று வரும். அப்பா அம்மாவின் ஈ.பி.எஃப். காசு ஒரு தடவைதான் வரும்.